பெறுவோர் இல்லாத நன்றி

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், கிராண்ட் கான்கோர்ஸ் சாலையும் கிழக்கு 192ஆம் தெருவும் சந்திக்கும் முனைக்கு 2017இல் ‘பில் ஃபிங்கர் வே’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. பேட்மேன் என்னும் சித்திரக்கதை நாயகனை 1939இல் பாப் கேனுடன் சேர்ந்து உருவாக்கிய ஃபிங்கர், தம் பங்கு முறையாக ஏற்கப்படாமலே 1974இல் மறைந்தார். படைப்பாளர் என்னும் நிலையில் அவர் பெயர் அதிகாரபூர்வமாக இடம்பெற்றது 2015இல்தான். அந்நகரைக் காண வந்த ரசிகர் ஒருவர் அப்பெயர்ப்பலகையின்கீழ்த் தம்மையறியாமல் தலை வணங்குவாராயின், அந்த நன்றி யாரைச் சென்றடைகிறது என்னும் வினா எழுகிறது.

நன்றியைக் கடனாக மட்டும் கருதினால், பெறுவோர் இல்லாதபோது அது செல்லாக்காசு. ஆனால், உணர்ச்சிகளை அறிவால் ஆண்டு அறத்தில் நிற்பதே நல்வாழ்வு என்னும் ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த ரோமானிய மெய்யியலாளர் செனெகா, உதவியை மகிழ்வோடு ஏற்பவர் அக்கடனின் முதல் தவணையை அப்போதே செலுத்திவிடுகிறார் என்று வாதிடுகிறார். இதன்படி செய்ந்நன்றியறிதல், அதாவது பெற்ற நன்மையை உணர்ந்து போற்றுதல், முதலில் உள்ளத்தின் செயலாகும். பொருளைத் திருப்பித் தருவது அதற்குப் பின்னரே வருகிறது. எனவே, திட்டமிடாத அவ்வணக்கம் இறந்தவருக்கு எதையும் சேர்க்காவிடினும், வணங்குபவரின் நேர்மையை நிறைவுசெய்கிறது. பெயர் மறைக்கப்பட்டவருக்குச் செய்யப்படும்போது, அது காலந்தாழ்ந்த நீதியின் சிறு பகுதியாகவும் ஆகிறது.