அவள் சொல் போதாதா?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவனுடன் சேர்ந்து வாழ அனுமதி கேட்கும் பெண், தன் திருமணம் உண்மையானது என்று அந்த நாட்டுக்கு நிரூபிக்க வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் இதற்கான கோப்பு பல வீடுகளுக்குப் பழகிப்போனது. பதிவுச் சான்றிதழ், அழைப்பிதழ், மண்டபத்தில் எடுத்த படங்கள், வாட்ஸ்அப் உரையாடல்களின் அச்சுப்படி என்று அது தடித்துக்கொண்டே போகும். உறவினரும் நண்பர்களும் இவர்களைத் தம்பதியாக அறிவார்களா என்றும் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே சாட்சிகளின் எழுத்துமூல வாக்குமூலம் உண்டு.

ஆவணம் கேட்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. போலித் திருமணங்கள் நடக்கின்றன. மணம் முடித்து வெளிநாடு போய் மனைவியைக் கைவிட்ட ஆண்களும் உண்டு. அவளுக்குப் பதிவுச் சான்றிதழ்தான் பிடிமானம். 2006இல் சீமா வழக்கில் உச்ச நீதிமன்றம் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கச் சொன்னதும், 2009இல் தமிழ்நாடு அதற்குத் தனிச் சட்டம் இயற்றியதும் பெண்களுக்கு நல்லதே. என் கேள்வி வேறு: இத்தனை தாள்களுக்கு நடுவில் அவளுடைய சொல்லுக்கு என்ன மதிப்பு?

1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிய இந்திய ஆசிரியை ஒருவர், மணம் செய்துகொள்ள வந்திருப்பதாகச் சொன்னார். அதிகாரிகள் நம்பவில்லை. அவர் ஏற்கெனவே மணமானவரா என்று அறிய ஆண் மருத்துவர் ஒருவரைக் கொண்டு கன்னித்தன்மைச் சோதனை நடத்தினார்கள். செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்த பிறகே அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. அவர் வாய் சொன்னதற்கு அவர் உடம்பைச் சாட்சிக்கு இழுத்தார்கள்.

இன்று உடம்பைக் கேட்பதில்லை, ஊரைக் கேட்கிறார்கள். கொங்கு நாட்டில் மண்டபம் நிறைந்த படம் யாருக்கு எளிதில் கிடைக்கும்? சாதிக்குள் மணந்தவர்களுக்கு. சாதி மறுத்து மணந்தவளிடம் அழைப்பிதழ் இருக்காது. படத்தில் நான்கு நண்பர்கள் நிற்பார்கள். 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட பகுதி இது. இங்கே ஊரைக் கூட்டாமல் மணப்பது உயிரைக் காத்துக்கொள்ளும் வழி.

நம் சட்டத்துக்கு இது புரிந்திருக்கிறது. அண்ணா ஆட்சியில் 1967இல் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம், இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினால், தாலி கட்டினால், திருமணம் செல்லும் என்கிறது. அது ஊரறிய நடக்க வேண்டியதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தூதரக அதிகாரிக்கு நம் சாதி தெரியாது. ஆனாலும் படத்தில் தலைகளை எண்ணும்போது, சாதி தந்த ஒப்புதலைத்தான் அவர் எண்ணுகிறார்.

அனுமதி கிடைத்த பிறகும் நிரூபிப்பது முடிவதில்லை. கனடா 2012இல், புதிதாக மணந்து வருபவர் பலர் இரண்டாண்டு துணையுடனேயே வாழ்ந்தால்தான் குடியுரிமைக்கு முந்தைய நிரந்தர வசிப்புரிமை நிலைக்கும் என்று விதித்தது. வன்முறைக்கு விலக்கு இருந்தது. அதையும் அவளேதான் நிரூபிக்க வேண்டும். அடி வாங்கிக்கொண்டு உடனிருந்தால் அது உண்மையான திருமணம், வெளியேறினால் சந்தேகம். 2017இல் அந்த விதியை நீக்கினார்கள்.

உண்மையான திருமணமா என்று கேட்கும் அரசுகள், நியாயமான திருமணமா என்று கேட்பதில்லை. அதைக் கேட்கக்கூடியவள் அவள் மட்டுமே. கோப்பில் அவள் கைப்பட எழுத இடமுள்ளது ஒரே தாள்தான்: இந்த உறவு எப்படித் தொடங்கியது என்று விவரிக்கும் கடிதம். அதையும் பெரும்பாலும் ஏஜெண்டோ கணவனோ மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதிக் கையெழுத்துக்கு நீட்டுகிறார்கள். மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான்: அந்தக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். கோப்பின் நகல் ஒன்றும் உங்கள் பாஸ்போர்ட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.