உடைபட்ட வெண்கலப் பாம்பு

எசேக்கியா ராஜா யூதாவில் சிலைகளையும் பலிமேடைகளையும் தகர்த்தான் என்றால் அதில் வியப்பில்லை. சீர்திருத்த ராஜாக்கள் செய்கிற வேலைதான். ஆனால் இரண்டாம் இராஜாக்கள் 18ஆம் அதிகாரம் தருகிற அந்தப் பட்டியலில் மோசே செய்த வெண்கலப் பாம்பும் இருக்கிறது. அங்கேதான் வாசகர் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

அந்தப் பாம்பு அந்நியர் கொண்டுவந்ததல்ல. வனாந்தரத்தில் பாம்புகள் கடித்து ஜனங்கள் செத்து விழுந்தபோது, கடவுளே சொல்லி மோசே செய்து கம்பத்தில் ஏற்றியது. அதை ஏறிட்டுப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள் என்கிறது எண்ணாகமம். பல நூற்றாண்டுகள் கழித்து, எசேக்கியாவின் காலத்திலோ, ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நிகுஸ்தான் என்று பெயர்கூட இருந்தது. ராஜா உடைத்துப்போட்டான். இன்று ஒரு சபையின் நிறுவனர் உட்கார்ந்த நாற்காலியைப் புதுப் போதகர் விறகாக்கிப் பார்க்கட்டும். அன்று சாயங்காலமே கமிட்டி கூடிவிடும்.

பாம்புருவுக்கு அந்த வட்டாரத்தில் மவுசு இருந்தது உண்மை. 1969இல் இஸ்ரேலின் தென்கோடியில், திம்னா செப்புச் சுரங்கப் பகுதியில் பெனோ ரோதன்பெர்க் தோண்டியபோது, எகிப்தியத் தேவதை ஹாத்தோரின் கோயிலில் தலைக்குப் பொன் பூசிய சிறிய செப்புப் பாம்பு ஒன்று கிடைத்தது. மோசேயின் பாம்புக்கும் அதற்கும் முடிச்சுப் போட ஆதாரமில்லை. உலோகப் பாம்பு வழிபாட்டிடத்தில் இருந்தது என்பதற்கு மட்டும் அது சாட்சி.

நியாயாதிபதிகள் புத்தகத்தில் வரும் கிதியோன் கதை இன்னும் சங்கடமானது. வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து, ராத்திரியோடு ராத்திரியாகப் பத்து வேலைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய், சொந்தத் தகப்பன் வைத்திருந்த பாகால் தெய்வத்தின் பலிபீடத்தை இடித்தவன் அவன். பிறகு மீதியானியரை வென்றான். ராஜாவாக இரு என்று ஜனங்கள் கேட்டபோது மறுத்தான். கர்த்தரே உங்களை ஆளட்டும் என்றான். அதே மூச்சில், கொள்ளையில் கிடைத்த கடுக்கன்களை மட்டும் கொடுங்கள் என்றான். விரித்த துணியில் 1,700 சேக்கல் பொன் விழுந்தது. இன்றைய நிறையில் ஏறத்தாழ 19 கிலோ. அதில் ஆசாரிய உடையான ஏபோத்தைச் செய்து தன் ஊரான ஓப்ராவில் வைத்தான். எல்லாரும் அதன் பின்னே போனார்கள். அவன் வீட்டுக்கே அது கண்ணியானது. சிலை உடைத்த கைதான் அதையும் செய்தது.

நம்மூர்ப் பிரசங்கங்களில் விக்கிரகம் என்ற பேச்சு வந்தாலே விரல் பக்கத்துத் தெருக் கோயில் பக்கம் நீண்டுவிடுகிறது. அடுத்தவர் சிலையைக் கேலி செய்யும் பகுதிகள் வேதத்தில் இல்லாமலில்லை. ஏசாயா 44இல் ஒரே மரத்தின் பாதியில் அடுப்பெரித்து மீதியைக் கும்பிடுகிறவன் வருகிறான். ஆனால் கூர்மையான அடி உள்வீட்டுக்குத்தான். ஆலயம் இருக்கிறது, நமக்கென்ன என்று நம்பியிருந்தவர்களிடம், ஆலய வாசலிலேயே நின்று எரேமியா தீர்க்கதரிசி சண்டை போட்டார். கொலோசெயருக்கு எழுதிய நிருபம் பொருளாசையையே விக்கிரகாராதனை என்கிறது. அதைக் கோயிலுக்குள்தான் தேட வேண்டும் என்பதில்லை. வங்கிப் புத்தகத்திலும் தேடலாம்.

கட்டடம் இதற்கு நல்ல சோதனை. கலிபோர்னியாவில் ராபர்ட் ஷூலர் என்ற போதகர் 1955இல் ஒரு டிரைவ்-இன் தியேட்டரின் தின்பண்டக் கடைக் கூரைமேல் நின்று பிரசங்கித்தார். 1980இல் அந்த ஊழியத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள் பதித்த கிரிஸ்டல் கதீட்ரல் எழுந்தது. கண்ணாடி பாவமல்ல, பிரமாண்டத்தின்மேல் ஆசைப்பட்ட எல்லாரையும் பாகால் பக்தர்கள் என்பதும் அநியாயம். ஆனாலும் 2010இல் ஊழியம் திவாலானது. 5.75 கோடி டாலருக்குக் கட்டடம் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் கைக்குப் போனது. 2013இல் சபையார் வேறோர் ஆலயத்துக்கு மாறி, அங்கே ஞாயிறு ஆராதனையைத் தொடர்ந்தார்கள்.