உன் பங்கைக் கேள்!

“ஒன்றரை வருஷம்கூடச் சேர்ந்து இருக்கவில்லை, அதற்குள் சொத்தில் பங்கா?” ஆஸ்திரேலியாவில் மணம் முடிக்காமல் ஒருவரோடு வாழ்ந்து பிரிந்து நிற்கிற உன் வாயை இந்த ஒரு கேள்வியால் அடைத்துவிடலாம் என்று நினைப்பார்கள். விடாதே!

மேற்கு ஆஸ்திரேலியாவுக்குத் தனிச் சட்டம். மற்ற இடங்களில், மணமாகாமல் சேர்ந்து வாழும் ‘டி ஃபேக்டோ’ இணைகளின் சொத்துத் தகராறும் 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்துக்குள்தான் வருகிறது. பொதுவாக 2 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், உண்மைதான். விட்டு விட்டுச் சேர்ந்து வாழ்ந்த காலங்களையும் கூட்டிக்கொள்ளலாம். அப்படியும் நிறையவில்லையா? உங்களுக்குக் குழந்தை இருந்தால், உறவு முறைப்படி பதிவாகியிருந்தால், அல்லது நீ கணிசமாகப் பங்களித்திருந்து, வழக்கைக் கேட்காவிட்டால் பெரும் அநீதி நேரும் என்றால், நீதிமன்றம் உனக்குக் காது கொடுக்கும்.

“போனால் போகட்டும், மானம்தான் பெரிது” என்கிறாய். எது மானம்? அவர் பெயரில் இருக்கும் வீட்டுக்கு மாதாமாதம் நீ கட்டிய தவணை, சமையலறையைப் புதுப்பிக்க எடுத்துக் கொடுத்த சேமிப்பு, வேலை முடிந்து வந்து நீ பார்த்த வீட்டு வேலை, எல்லாமே சட்டத்தின் கண்ணில் பங்களிப்பு. உழைத்ததைக் கேட்பது பிச்சை அல்ல! நிமிர்ந்து கேள்!

பாதிக்குப் பாதி என்று விதி எதுவும் இல்லை. குறுகிய உறவில் யார் எதைக் கொண்டுவந்தார், எதைப் போட்டார் என்பதே பெரிதும் எடைபோடப்படும். ஆகவே உன் கோபத்தை வங்கிக் கணக்கு விவரத்தைத் தேடி எடுப்பதில் காட்டு. ரசீதுகளைச் சேர். குறுஞ்செய்திகளை அழிக்காதே. அவர் பணத்தை மறைக்கிறாரா? இருவருமே தம் நிதி நிலையை முழுதாக வெளிப்படுத்தியாக வேண்டும். அது சட்டக் கடமை. அடியும் மிரட்டலும் உன் பங்களிப்பைப் பாதித்திருந்தால் அதையும் சொல். 2025 ஜூன் 10 முதல் சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு.

பிரிந்த தேதியை இப்போதே எழுதி வை. அன்றிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுப் போட வேண்டும். தாண்டினால், கடும் துன்பம் நேரும் என்று காட்டி நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அழுகை ஓயட்டும் என்று காத்திராதே. அழுதுகொண்டே சட்ட உதவி மையத்துக்குப் போன் செய். ஆங்கிலம் தடுமாறினால் 131 450ஐ அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல். இன்றே சொல்!