எட்டுகிற சுருதி

(பாடகர் குழு ஞாயிறு ஆராதனையில் அளித்த செய்தி)



எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது, ஒரு பெரிய வெள்ளி. எங்கள் ஊர் ஆலயத்தில் பாட்டு நடத்துகிற அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட்டார். மும்மணி ஆராதனைக்கு என்னை நிறுத்தினார்கள். இளந்தொண்டை, மூன்று கட்டையில் எடுத்தேன். பல்லவியில் சபை முழுவதும் கூடவே வந்தது. சரணம் மேல் காந்தாரத்துக்கு ஏறியபோது என் குரல் மட்டுமே கேட்டது.

மூன்றாவது வரிசையில் ஒரு பாட்டியம்மா இருந்தார்கள். பாட்டுப் புத்தகம் மூடியபடியே மடியில் கிடந்தது. அவர்களுக்கு எல்லாமே மனப்பாடம். வாயைத் திறந்தார்கள், குரல் வரவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் என் கையைப் பிடித்து, "தம்பி, நீ நல்லாத்தான் பாடுன. எங்களுக்குத்தான் எட்டல" என்றார்கள். குறை சொல்லவில்லை, தன்மேல்தான் குறை என்று நினைத்துச் சொன்னார்கள். அதுதான் இன்றுவரை எனக்கு வலிக்கிறது. சிலுவையண்டையில் நின்று பாட வந்த ஒரு தாயின் பாட்டை நான் வாங்கிக்கொண்டுவிட்டேன்.

ஆலயப் பாட்டில் வேதம் எதைப் பார்க்கிறது என்று அறிய, 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து நிதானமாக வாசியுங்கள். ஆசாப், ஏமான், எதுத்தூன் குடும்பத்தாரிலிருந்து ஆலயப் பாட்டுக்கென்று எண்ணப்பட்டவர்கள் 288 பேர். முறைக்குப் பன்னிரண்டு பேராக 24 முறைகள். எல்லோரும் தேர்ந்த வித்துவான்கள். ஆனாலும் சீட்டுப் போட்டபோது பெரியவன், சிறியவன், ஆசான், மாணாக்கன் என்று பார்க்கவில்லை. சாலொமோன் கட்டிய ஆலயத்தில் 120 ஆசாரியர்களின் பூரிகைகளும் பாடகர்களின் குரலும் ஒரே சத்தமாய்க் கேட்டபோதுதான் மேகம் ஆலயத்தை நிரப்பியது. அவர்களில் யாருடைய குரல் இனிமையானது என்று வேதம் சொல்லவே இல்லை.

சபையார் வாய் திறந்து பாடுவது நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. ஐரோப்பாவில் ஆலயப் பாட்டு பெரும்பாலும் லத்தீனில், குருமாருக்கும் பாடகருக்கும் உரியதாய் இருந்த காலம் உண்டு. 1524இல் வெளிவந்த லுத்தரன் பாட்டுப் புத்தகத்தில் எட்டே பாட்டுகள். ஆனால் அவை ஜனங்கள் பேசிய மொழியில் இருந்தன. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு காலத்திலிருந்து அந்த வழக்கம் நம்மிடமும் வேர்விட்டது. ஆனாலும் ஜெர்மன் மெட்டுக்குள் தமிழை அடைத்தால் குறில் நீளும், நெடில் குறுகும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் நம் ராகத்தையும் தாளத்தையும் எடுத்துக் கர்த்தருக்குப் பாடினார். 1853இல் மிஷனெரி வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வரும். எழுத்தறியாதவரும் இரண்டாவது சரணத்துக்குள் கூடச் சேர்ந்துவிடலாம். அந்தப் பாட்டியம்மா புத்தகம் திறக்காமல் பாடியது இந்தச் செல்வத்தினால்தான்.

பாடகர் குழுப் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பல்லவியைப் பாடிப் பார்த்துச் சுருதி வைக்காதீர்கள். சரணம் எங்கே உச்சிக்குப் போகிறதோ, அந்த இடத்தைச் சனிக்கிழமைப் பயிற்சியிலேயே பாடிப் பாருங்கள். உங்களுக்கு எட்டினால் போதாது. வயலில் நின்றுவிட்டு வருகிற அண்ணாச்சிக்கும், மூச்சிரைக்கிற ஆச்சிக்கும் எட்டவேண்டும். மூன்று கட்டை உங்களுக்குச் சுகமாக இருக்கலாம், சபைக்கு ஒரு கட்டை போதும். புதுப் பாட்டா? தாராளமாய்க் கொண்டுவாருங்கள்; அதையே நாலு ஞாயிறு தொடர்ந்து பாடுங்கள், வாரம் ஒன்றாய் மாற்றாதீர்கள். டிரம்ஸும் இருக்கட்டும், 150ஆம் சங்கீதத்தில் கைத்தாளமும் தம்புருவும் இருக்கின்றனவே. என் பயம் மைக்கைப் பற்றித்தான். மானிட்டரில் தன் குரலையே கேட்டுக்கொண்டு நிற்கிறவருக்குச் சபை பாடுவதை நிறுத்திவிட்டதுகூடத் தெரியாது. பாடும்போது கண்ணை மூடுவது பக்திதான். ஆனால் நடத்துகிறவர் அடிக்கடி கண்ணைத் திறந்து மூன்றாவது வரிசையைப் பார்க்கவேண்டும். வாய்கள் அசைகின்றனவா?

அந்த நிகழ்வுக்கு அடுத்த ஆண்டு பெரிய வெள்ளிக்கு நான் அதே பாட்டை ஒரு கட்டையில் எடுத்தேன். பாட்டியம்மா இருந்த இடத்தில் அவர்கள் மகள் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லோரும் எழுந்து நிற்போம். ஆர்கன் தம்பி, சுருதியை இறக்கி வையுங்கள். கடைசிச் சரணத்துக்கு வாசிக்கவேண்டாம். பாடகர் குழுவினர் மைக்கை விட்டு ஓர் அடி தள்ளி நில்லுங்கள்.