அவள் என் தவம் அல்ல

என் மனைவிக்கு மனச்சிதைவு நோய். மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் தெரியவந்தது; இன்று அவனுக்கே தலை நரைக்கிறது. இவ்வளவு காலத்தில் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுப் படியேறி வந்தவர்கள் சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் இரண்டு பேச்சுதான் தேறும். அவளைப் பற்றி: "போன ஜென்மத்து வினை." என்னைப் பற்றி: "நீங்க தெய்வம் சார். வேற ஒருத்தரா இருந்தா எப்பவோ விட்டுட்டுப் போயிருப்பாங்க." இரண்டையும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் சமயத்தின் பெயரால் சொல்லப்படுகின்றன. சாமி கும்பிடுகிறவன் என்ற முறையில் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

திருவிடைமருதூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். சித்தம் கலங்கியவர்களை மகாலிங்கசுவாமி சன்னதிக்கு அழைத்துப் போவது இந்தப் பக்கத்து வழக்கம், நாங்களும் போனோம். வரகுண பாண்டியன் கதையை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவன் குதிரையின் காலில் மிதிபட்டு ஓர் அந்தணர் இறந்துபோனார். அரசன் அறிந்து செய்ததல்ல. ஆனாலும் பிரம்மஹத்தி பற்றிக்கொண்டது. அவன் கிழக்கு வாசலால் கோயிலுக்குள் நுழைந்தபோது அது உள்ளே வரமுடியாமல் வெளியிலேயே நின்றுவிட்டது. அவன் வேறு வாசல் வழியாகப் போய்விட்டான். இன்றும் பக்தர்கள் நுழைந்த வாசலால் திரும்புவதில்லை. வாசலில் இருக்கும் பிரம்மஹத்தி உருவத்தைப் பார்த்துவிட்டு எங்களோடு வந்த உறவுக்காரப் பெரியம்மா, "இவ என்ன பாவம் பண்ணாளோ" என்றார். கதை அப்படிச் சொல்லவில்லை. பற்றியது வேறு, பற்றப்பட்டவன் வேறு. அது வாசலில் நிற்கட்டும், நீ உள்ளே வா என்று கோயில் அழைத்தது என்பதுதான் கதை.

சைவ சித்தாந்தம் கன்மத்தைப் பேசுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆணவமும் கன்மமும் மாயையும் உடம்பெடுத்து வந்த நம் எல்லோரையும் கட்டியிருக்கின்றன. நோயில்லாதவன் கணக்கு தீர்ந்தவன் என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை. பல்லக்கில் போகிறவனையும் அதைச் சுமக்கிறவனையும் காட்டும் குறளைப் பல வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அறத்தின் பயனுக்கு அந்தக் காட்சியே கண்கூடான சான்று என்று பரிமேலழகர் கொள்கிறார். பின்னால் வந்தவர்கள் சிலர், பல்லக்கைக் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்று பொருள் கொண்டார்கள். நான் இவர்கள் பக்கம். இன்னொருவர் தோளில் இருக்கும் பாரத்தைப் பார்த்து அவர் முற்பிறவியை வாசிக்கும் உரிமை வழிப்போக்கனுக்குக் கிடையாது.

வினை என்று தீர்ப்பெழுதிவிட்டால் அடுத்தது சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்தது. காலில் சங்கிலியோடு இருந்தவர்களால் ஓடமுடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்கள் அங்குள்ள தர்காவில் குணமாவோம் என்று நம்பி வந்தவர்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். குணசீலம் பெருமாள் கோயிலில் நாங்களும் ஒரு மண்டலம் தங்கினோம். உச்சிக்காலத்திலும் இரவிலும் பெருமாள் தீர்த்தத்தை முகத்தில் ஓங்கித் தெளிப்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நிமிர்த்திக் காட்டுவாள். அங்கே தங்கியிருந்த அத்தனை நாளும் எந்தப் பட்டாச்சாரியாரும் எங்களிடம் காரணம் கேட்கவில்லை. இடுப்பில் டாக்டர் சீட்டோடுதான் நான் வரிசையில் நின்றேன், மாத்திரையும் நிற்கவில்லை. தீர்த்தத்துக்கும் மாத்திரைக்கும் அங்கே சண்டை இல்லை.

இரண்டாவது பேச்சுக்கு வருகிறேன். அதுதான் கடினம். புகழ்ச்சியாக வருவதால் யாரும் அதை மறுப்பதில்லை.

ஓர் ஐப்பசி, அடைமழை. டாக்டர் மருந்தை மாற்றிக்கொண்டிருந்த சமயம். சாயங்காலம் நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக, மரியாதையாகவே சொன்னாள்: "நீங்க அவர் மாதிரியே இருக்கீங்க. ஆனா அவர் இல்ல." தாலியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். சமையற்கட்டுக்குள் போய்த் தாழ் போட்டுவிட்டாள். நான் பேசப் பேச உள்ளே அழுகை கூடியது. கதவை விட்டு விலகுவது நல்லது என்று பட்டது. தெருக்கோடி மருந்துக்கடைக்குப் போய் அங்கிருந்து அவள் செல்லுக்குக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? இங்க ஒருத்தர் உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். கண்ணாடிகூட உங்களோடதுதான். நான் உள்ள தாழ் போட்டுக்கிட்டேன். சீக்கிரம் வந்துடுங்க." கொஞ்சம் நிறுத்தி, "மழை பெய்யுதே, குடை எடுத்துக்கிட்டுப் போனீங்களா?"

இந்த நிலைக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. 1923இல் ஜோசப் காப்கிரா என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்து எழுதினார்; அவர் பார்த்த பெண்ணும் தன் கணவருக்குப் பதிலாக வேறு ஆள் வந்திருப்பதாகச் சொன்னவர்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் இதை ஆராய்ந்திருக்கிறார். முகம் தெரிகிறது. ஆனால் வேண்டியவர் முகத்தைக் கண்டதும் நெஞ்சில் தானாக எழ வேண்டிய பரிவு எழவில்லை. முகம் அதுதான், மனசு ஒட்டவில்லை. அப்படியானால் ஆள் வேறு என்று மூளை முடிவுகட்டுகிறது. விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞர், நேரில் வந்த பெற்றோரை ஏற்காதவர், தொலைபேசியில் அவர்கள் குரல் கேட்டதும் ஏற்றுக்கொண்டதை ராமச்சந்திரன் பதிவுசெய்திருக்கிறார். கண் வழியும் காது வழியும் தனித்தனி.

இதெல்லாம் சரி. ஆனால் அந்த மருந்துக்கடை வாசலில் நின்றபோது எனக்குள் எழுந்த கேள்வி மருத்துவத்தில் அடங்காதது. வீட்டில் அவள் அஞ்சி ஒளிந்தது என்னிடமிருந்து. அவள் காத்திருந்ததும் எனக்காக. அந்நியன் ஒருவனிடமிருந்து எங்கள் மணவாழ்க்கையைத் தனியாக நின்று காத்துக்கொண்டிருந்தாள். பயத்தில் உடம்பு நடுங்கும்போதும் நான் நனைவேனே என்று கவலைப்பட்டாள். அந்த மாலையில் எங்கள் இருவரில் கூடுதலாக அன்பு செய்தது யார்? என்னைத் தெய்வம் என்கிறவர்கள் இந்தக் கணக்கில் அவளைச் சேர்ப்பதே இல்லை. கொடுப்பவன் நான், வாங்குபவள் அவள் என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். நோய் வந்ததும் அவள் அன்பு செய்யும் ஆள் என்ற இடத்திலிருந்து இறக்கப்பட்டு, நான் புண்ணியம் தேட ஒரு சாதனமாகிவிடுகிறாள்.

நளவெண்பாவில் தமயந்திக்கு இதே இக்கட்டு வருகிறது. சுயம்வர மண்டபத்தில் இந்திரனும் அக்கினியும் வருணனும் யமனும் நளன் உருவிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே முகம். எது தன் ஆள்? கண் இமைப்பவன், கால் தரையில் படுபவன், கழுத்து மாலை வாடியவன், அவன்தான் நளன் என்று அவள் கண்டுகொள்கிறாள். தேவர்களுக்கு இல்லாத குறைகளைக் கொண்டு மனிதனை அறிகிறாள். தெய்வங்களைத் தாண்டி வந்து மனிதனுக்கு மாலையிடுகிறாள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் கவியழகோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். இப்போது அதில் பெரிய தத்துவம் இருப்பதாகத் தெரிகிறது. என் மனைவிக்கும் தெய்வம் வேண்டியதில்லை. மழையில் நனைகிற, அலுத்துக்கொள்கிற, பசித்தால் கோபப்படுகிற ஒரு மனுஷன்தான் வேண்டும்.

இதற்கு மருத்துவச் சான்றும் இருப்பதை எங்கள் டாக்டர் சொல்லித்தான் அறிந்தேன். 1972இல் லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் கூட இருந்தவர்களும் மனச்சிதைவு நோயாளிகளின் வீடுகளை ஆராய்ந்தார்கள். ஓயாமல் குறை சொல்லும் வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது, இது எதிர்பார்த்ததே. அளவுக்கு மீறித் தன்னை உருக்கிக்கொண்டு, நோயாளியை விட்டு நகராமல் தியாகம் செய்யும் வீட்டிலும் திரும்புகிறது. "உங்க நடையை விடாதீங்க, சிநேகிதங்களை விடாதீங்க. நீங்க எல்லாத்தையும் விட்டா அது அவங்க தலையிலதான் ஏறும்" என்றார் டாக்டர். அதனால் சாயங்காலம் மகாமகக் குளக்கரையில் பழைய ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வருவேன். அவள் அந்த நேரத்தில் திருச்சி வானொலி கேட்பாள். நாதஸ்வரம் வைத்தால், அறிவிப்பாளர் சொல்வதற்குள் ராகத்தைச் சொல்லிவிடுவாள். குளோசபைன் என்ற மாத்திரை சாப்பிடுவதால் இரவில் எச்சில் ஊறித் தலையணை நனையும். விரித்த துண்டைக் காலையில் அவளே அலசிக் கொடியில் போடுவாள். "அது என் வேலை" என்பாள்.

அவளை விட்டுவிடும்படி சொன்னவர்களும் உண்டு. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இந்த நோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க இடம் தருகிறது. நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு இருக்க வேண்டும் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிந்தவர்களை நான் பழிக்கமாட்டேன். அடி உதை பட்டுக்கொண்டு இருப்பதை அன்பு என்று எந்தச் சமயமும் கற்பிக்கக் கூடாது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. அடுத்த தெருவில் ஒரு சத்துணவு அமைப்பாளர் இதே நோயுள்ள கணவரை எனக்கு மேல் பார்த்துக்கொள்கிறார். அவரை யாரும் தெய்வம் என்று கும்பிட்டதில்லை. பெண்டாட்டி என்றால் பார்க்க வேண்டியதுதானே என்கிறார்கள். மனைவிக்கு நோய் வந்தால் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது இங்கே பலருக்கு இயல்பாகத் தெரிகிறது. எனக்குக் கிடைக்கும் புகழில் பாதி அந்த வழக்கத்திலிருந்து வருவது. அதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. நோய் முற்றும்போது தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் கொடுத்தது. தெளிவான ஒரு நாளில் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வெளியில் பூட்டாதீர்கள். ரெண்டு பேர் சேர்ந்து கையைப் பிடிக்காதீர்கள். பையனுக்கு ராத்திரியில் போன் போட்டுப் பயமுறுத்தாதீர்கள். உங்களைத் தெரியாவிட்டால் வெளியில் போய் போனில் கூப்பிடுங்கள், பேசுகிறேன். இந்த வரியைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் இல்லை; நானும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

போன தையில் அவள் அம்மா வழி நிலத்தை அண்ணன்மார்கள் அவளைக் கேட்காமலே பேசி முடிக்கப் பார்த்தார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தி, நியாயமாக, கணக்கோடு கேட்டாள். மூத்தவர் என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில், "மாப்பிள்ளை, இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "போட்டாச்சு அண்ணா. இது கோபம்."

எங்களைப் போன்ற வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். என்னைக் கும்பிட வேண்டாம். அவள் எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்கவும் வேண்டாம். அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள், அவளிடமே கேளுங்கள்.