பார்வை ஓர் அமானிதம்

மீமிசல் கடைத்தெருவில் ஒரு மாலை நேரம். அஸர் தொழுகை முடித்த பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். குர்ஆன் ஓத உட்கார்ந்தால் எழுத்துகள் கலைகின்றன. "தம்பி, பவரைக் கூட்டி ஒரு கண்ணாடி போட்டுக் கொடுங்க" என்கிறார்.

சோதித்துப் பார்த்த கடைக்காரருக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. இது கண்ணாடியால் தீரும் குறையல்ல. கண்புரை வளர்ந்து வருகிறது. கண்ணாடியை மாற்றினால் சில மாதங்களுக்குச் சற்றுத் தெளிவு கிடைக்கலாம். பிறகு மீண்டும் மங்கும்.

அவர் என்ன செய்ய வேண்டும்? கேட்டதைக் கொடுத்துக் காசு வாங்கினால் அதில் பொய் எதுவும் இல்லை. கண்ணாடியும் போலியல்ல. பெரியவரும் துஆ செய்துவிட்டுத்தான் போவார். அப்படியிருந்தும் அந்த வரும்படி தூய்மையானதுதானா? வாங்கியவர் திருப்தியடைந்துவிட்டால் விற்றவர் நேர்மையாளர் ஆகிவிடுவாரா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். துணி வாங்கினால் இழையைத் தடவிப் பார்க்கிறோம். கண்ணாடிக் கடையில் எதைக் கொண்டு பார்ப்பது? குறைபட்ட அதே கண்ணைக் கொண்டுதான்! அந்தக் கண் ஏமாறவும் கூடியது. கிட்டப்பார்வை உள்ள இளைஞருக்குத் தேவைக்கு மேல் பவர் கூட்டி வைத்தால், எழுத்துகள் சிறுத்துக் கறுப்பாகத் தோன்றும். "இதுதான் நன்றாகத் தெரிகிறது" என்று அவரே சொல்வார். ஆனால் அவருடைய கண் வீணாகச் சிரமப்பட்டுக்கொண்டிருக்கும். இங்கே வாடிக்கையாளரின் சம்மதம் இருக்கிறது, நன்மை இல்லை.

மதீனத்துக் கடைவீதியில் நடந்த நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அந்த வியாபாரி வாயால் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஈரம் கீழே இருந்தது, அவ்வளவுதான். வாங்க வருபவர் யார், எந்தக் கூட்டத்தார் என்ற கேள்வியும் அங்கே எழவில்லை.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் வரலாறு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அவர்களின் பணியாளர் 300 திர்ஹத்திற்கு ஒரு குதிரையைப் பேசி முடித்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், உடையவரிடம் சென்று, இது அதற்கு மேல் பெறும் என்று தாமே விலையை உயர்த்திக்கொண்டே போய் 800 திர்ஹம் கொடுத்ததாக அறிவிக்கப்படுகிறது. பிறருக்கு நலம் நாடுவதாக நாயகம் (ஸல்) அவர்களிடம் வாக்களித்திருக்கிறேன் என்பதே அவர்கள் சொன்ன காரணம். விற்றவருக்கு மனக்குறை இல்லை. 300 திர்ஹத்திற்குச் சம்மதித்தவர்தான். ஆனால் தமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லையே என்பதுதான் ஜரீர் (ரலி) அவர்களை உறுத்தியது. ஒருவர் அறியாமல் கொடுக்கும் சம்மதத்தை அவர்கள் ஆதாயமாக்கிக்கொள்ளவில்லை.

கண் பரிசோதகரின் தொழிலில் இந்தச் சோதனை அன்றாடம் வரும். சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். "சர்க்கரை கட்டுக்குள் வரட்டும், பிறகு கண்ணாடி போடலாம்" என்று சொல்பவர் அன்றைய வியாபாரத்தை விட்டுக்கொடுக்கிறார். சிறு பிள்ளைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்காமல் பவரைத் தீர்மானித்தால் தவறிப்போகலாம். கண் நீர் அழுத்த நோயோ பெரும்பாலும் வலியில்லாமல் பார்வையைத் தின்னும். இழந்த பார்வை திரும்பாது. சந்தேகம் வந்தவுடன் கண் மருத்துவரிடம் அனுப்பாமல் கண்ணாடியைக் கொடுத்தனுப்புவது, ஈரத் தானியத்தை அடியில் வைப்பதேயாகும். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாவார் என்று நபிமொழி எச்சரிப்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இதற்கென்று முறையான படிப்பு உண்டு. சென்னை சங்கர நேத்ராலயா 1985இல் இதற்காகவே ஒரு கல்லூரியைத் தொடங்கியது. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழிலாளர் சட்டத்திலும் கண் பரிசோதகர்கள் இடம்பெற்றார்கள். நல்லதுதான். ஆயினும் திரைக்குப் பின்னால், இருட்டறையில், இருவர் மட்டும் இருக்கும்போது சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே பார்ப்பவன் ஒருவன்தான்.

"இப்படியெல்லாம் பார்த்தால் கடை வாடகை யார் கொடுப்பது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இலாபம் பாவமல்ல, உழைப்புக்கும் பொருளுக்கும் உரிய விலை ஹலாலானதே. நேர்மை நிலைத்து நிற்கும் என்பதற்கு நம் மதுரையே சாட்சி. 1918இல் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியது. அந்த விரல்களோடு கண் அறுவை கற்று, அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் தருபவர் தந்தார். இயலாதவர் இலவசமாகச் சிகிச்சை பெற்றார். இருவருக்கும் ஒரே மருத்துவர்கள். விழிவில்லையின் விலை ஏழைக்கு எட்டாதிருந்தபோது, 1992இல் அரோலேப் தொழிற்கூடம் மூலம் அதை இங்கேயே செய்து விலையை வெகுவாகக் குறைத்தார்கள். 2006இல் அவர் மறைந்தார். அந்த நிறுவனம் தளரவில்லை. சமயத்தால் வேறுபட்டவர் என்றாலும், அமானிதம் பேணுவதில் நாம் பாடம் கற்க வேண்டியவர்.

இன்னொரு கேள்வியும் எழும். "நான் உண்மையைச் சொன்னால் பெரியவர் அடுத்த கடைக்குப் போய் அதே கண்ணாடியை வாங்கிக்கொள்வாரே?" வாங்கலாம். தீர்மானிக்கும் உரிமை அவருடையது. ஆனால் தெரிந்து தீர்மானிக்கச் செய்வது நம் கடமை. "அத்தா, இது கண்புரை. ஆபரேஷன் செய்தால் ஓதலாம், நடக்கலாம். கண்ணாடிக்குக் காசைச் செலவழிக்காதீங்க" என்று அன்போடு சொல்லி, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, மகனிடமும் சொல்லியனுப்பினால் போதும். அனுப்பி வைத்ததற்கு எவரிடமும் கமிஷன் பெறாதிருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இன்னும் கூடும்.

கண்ணாடிக் கடைக்கு மட்டுமா இது? வண்டி பழுது பார்ப்பவர், நகை உரசிப் பார்ப்பவர், பத்திரம் எழுதுபவர், மார்க்கம் சொல்லும் ஆலிம் உட்பட, பிறருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் அடுத்தவரின் கண் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அவருக்காகவும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் அதை மேலே எடுத்து வைப்போம். அதற்கான துணிவை வல்ல இறைவன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.