துருவும் தழும்பும்

பாழடைந்த ஒரு பொருளைக் கையிலெடுத்துச் சீர்ப்படுத்த முனைகிறவர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு: இதை இப்பொருளுக்காகச் செய்கிறோமா, நமக்காகச் செய்கிறோமா? பழைய மோட்டார் கார்களைத் தேடிப் பேணுவோர் நடுவே இவ்வினா நெடுங்காலமாக எழுந்து வருகிறது. கார்களோடு நின்றுவிடாமல் மனித உறவுகளையும் அது தொடுவதால், அதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நமக்கும் பயன் தரும்.

சுவிட்சர்லாந்தின் தென்பகுதியில், மஜோரே ஏரிக்கரையில் அஸ்கோனா என்னும் சிற்றூர் இருக்கிறது. 1925ஆம் ஆண்டைச் சேர்ந்த புகாட்டி கார் ஒன்று அங்கே உரிமை கோருவாரின்றிக் கிடந்தது. பிரான்சின் மோல்சைம் ஊரில் எட்டோரே புகாட்டி உருவாக்கிய 'பிரெஷியா' வகைக் கார் அது. 1921இல் இத்தாலியின் பிரெஷியா நகரில் நடந்த பந்தயத்தில் அவருடைய கார்கள் முதல் நான்கு இடங்களையும் வென்றதால் வந்த பெயர். அத்தகைய பெருமை வாய்ந்த வண்டிக்கு இறக்குமதி வரி செலுத்துவார் இல்லை. எனவே 1936இல் சுங்கத்துறையினர் அதைச் சங்கிலியில் பிணைத்து ஏரிக்குள் இறக்கினர். காலப்போக்கில் சங்கிலி அரித்து அறுந்தது. கார் ஐம்பது மீட்டருக்கும் கீழே அடித்தளத்தில் போய் அமர்ந்தது. 1967இல் நீரில் மூழ்குவோர் அதைக் கண்டறிந்தனர். ஆயினும் 2009இல்தான் அது கரையேறியது.

கரையேற்றிய காரணம் நம் நெஞ்சைத் தொடுவது. 2008ஆம் ஆண்டு, அருகிலுள்ள லொகார்னோ நகரில் தவக்காலத்துக்கு முந்திய கேளிக்கை விழாவின்போது ஓர் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். உள்ளூர் நீர்மூழ்குவோர் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் அவர். இளைஞரிடையே வன்முறையைத் தடுக்க அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதற்கு நிதி திரட்டவே சங்கத்தார் அந்தக் காரை மேலே கொணர்ந்தனர். 2010 சனவரியில் பாரிசில் நடந்த ஏலத்தில் அது இரண்டரை இலட்சம் யூரோவுக்கும் மிகுதியாக விலை போயிற்று.

வாங்கியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த பீட்டர் மல்லின். பளபளக்கும் பழைய கார்கள் பல அவரிடம் இருந்தன. இதையும் அவ்வாறே ஆக்க அவருக்குப் பொருளும் இருந்தது. கைதேர்ந்த வினைஞரும் கிடைத்திருப்பர். ஆனால் அவர் அதைத் தொடவில்லை. துருவேறித் தகடு தின்னப்பட்ட நிலையிலேயே தம் அருங்காட்சியகத்தில் வைத்தார். 2023இல் அவர் மறைந்தார். 2024இல் அக்காட்சியகமும் மூடப்பட்டது. அவருடைய முடிவு எழுப்பிய வினா மட்டும் மூடப்படவில்லை.

ஓடுவதற்கென்றே படைக்கப்பட்ட ஒன்றை ஓடாமல் நிறுத்திவைப்பது முறையா என்று சிலர் கேட்கின்றனர். நேர்மையான கேள்விதான். அழிவை அழகென்று வியந்து, உழைக்கச் சோம்பியிருப்பது அறமாகாது. ஆனால் மறுபுறமும் ஓர் இக்கட்டு உண்டு. மட்கிய மரச்சட்டத்தை மாற்றி, தகட்டை மாற்றி, எஞ்சினையும் மாற்றினால் எஞ்சுவது எந்தக் கார்? தீசியசின் கப்பலில் பழுதுற்ற பலகைகளை ஏதென்சு மக்கள் ஒவ்வொன்றாக மாற்றி வந்தபோது, அது அதே கப்பல்தானா என அறிஞர் வாதிட்டதைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பழங்கட்டடங்களைப் பேணுவதற்கு 1964இல் வெனிசில் ஒரு சாசனம் வகுக்கப்பட்டது. அதன் வழியில் பழைய வண்டிகளுக்கென 2012இல் துரின் நகரின் பெயரால் மற்றொரு சாசனம் ஏற்கப்பட்டது. ஒரு பொருளின் வரலாற்றை அழித்துவிட்டு அதைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதே இவற்றின் உட்பொருள்.

தேர்ந்த வினைஞர் துருவிலேயே இரு வகை காண்கின்றனர். ஒன்று, இன்னும் உள்ளே தின்றுகொண்டிருக்கும் துரு. அதை விட்டுவைத்தால் எஞ்சியதும் போய்விடும். சுரண்டி எடுத்தே ஆகவேண்டும். மற்றொன்று, மேற்பரப்பில் படிந்து அடங்கிவிட்ட கறை. காலம் இட்ட கையொப்பம். முன்னதை விட்டுவைப்பது அசட்டை. பின்னதை அழிப்பது பொய். அவர்கள் கைக்கொள்ளும் பொறுமையும் கருதத்தக்கது. நெடுநாள் இறுகிக்கிடக்கும் எஞ்சினை அவர்கள் வலிந்து சுழற்றுவதில்லை. சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருக்கின்றனர். அவசரப்பட்டால் உள்ளிருப்பது முறிந்துபோகும்.

இவ்விடத்தில் நம் விசுவாசம் நமக்குக் கற்பிப்பது என்ன? உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குக் காட்டியது வடுவற்ற மேனியை அன்று. ஆணிகள் துளைத்த கைகளையும் ஈட்டி பாய்ந்த விலாவையும். சாவை வென்ற உடலில் காயத்தின் சுவடு மறையவில்லை. ஆனால் அது இனிக் கொல்லாது. 'கடவுளின் நகரம்' நூலின் இறுதிப் பகுதியில் புனித அகுஸ்தினார் மறைச்சாட்சிகளைக் குறித்து இதையே சிந்திக்கிறார். வெட்டுண்ட உறுப்புகள் உயிர்ப்பில் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். எனினும் வெட்டுண்ட இடத்தில் தழும்பு காணப்படும். அது குறையாக அன்று, மாண்பாக விளங்கும் என்பது அவர் கருத்து. முழுமையும் தழும்பும் ஒருங்கே இருக்கலாம் என்பதே இதில் நமக்குரிய பாடம்.

மனிதரைச் சீர்ப்படுத்துவதில் நாம் இதை எளிதில் மறந்துவிடுகிறோம். குடியிலிருந்து மீண்டுவந்த மகனையோ, பல்லாண்டுப் பிணக்குக்குப்பின் வாசலில் வந்து நிற்கும் சகோதரனையோ ஏற்கும்போது, எதுவுமே நடவாததுபோல அனைத்தும் பழையபடி ஆகிவிட வேண்டுமென்று விரும்புகிறோம். பெரும்பாலும் அது அவர்களுக்காக அன்று. நம் சங்கடம் தீரவும், ஊரார் கண்ணுக்கு நம் வீடு மெருகோடு தோன்றவுமே. வேறு சிலரோ, அவர்களுடைய அழிவையே காட்சிப்பொருளாக்கி ஆயுள் முழுதும் சுட்டிக்காட்டுகின்றனர். இரண்டும் அன்பாகா. இன்னும் தின்றுகொண்டிருக்கும் வஞ்சத்தையும் தீப்பழக்கத்தையும் களைய அவர்களோடு பொறுமையாக உழைப்பதும், ஆறிப்போன தழும்பைக் கீறாமலும் மறைக்காமலும் மதிப்பதுமே ஒப்புரவு.

சீர்ப்படுத்தலுக்கு எட்டாதவையும் உண்டு. ஏரியிலிருந்து காரை எடுக்கலாம்; கொல்லப்பட்ட மகனைப் பெற்றோருக்குத் திருப்பித் தர எந்த வினைஞராலும் இயலாது. அஸ்கோனாவில் கூடிய நண்பர்கள் அதை அறிந்திருந்தனர். அதனால் கைகட்டி நின்றுவிடாமல், தங்களால் தூக்க முடிந்ததைத் தூக்கினர். மீட்க முடியாததை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு, மீட்கக்கூடியதற்குத் தோள்கொடுப்பதே நமக்கும் விடப்பட்டுள்ள பணி.